தாழ்வாரத்துக்காக 14 மாதம்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பெருமாள் கோவில் வீதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் தாத்தா வீடு. 22 அடி அகலம், 110 அடி நீளம். வீதியோரம் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை. உள்ளே ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கிணறு. மழைக்கு ஒதுங்குகிறவர், பூக்கூடையை இறக்கி வைத்து இளைப்பாறுகிறவர் யாரும் எங்களிடம் கேட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் ஏறியதில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் முன்கட்டு மட்டப்பா, அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை, ஒரு மூலையில் இறங்கியது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்கால நகராட்சிக் கட்டடமான மேரியே இடிந்து விழுந்த ஊர் இது. அதற்குப் பிறகு பழைய கட்டடம் என்றாலே எங்கள் குடும்பத்தில் பயம். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினால் ஆளுக்கொரு வீடு கிடைக்கும் என்று சித்தப்பா சொன்னார். அதைப் பேராசை என்று சொல்ல மாட்டேன். அவருடைய இரண்டு பிள்ளைகளும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

ஆனாலும் இடிக்காமல் பழுதுபார்ப்பது என்று நானும் அண்ணனும் முடிவெடுத்தோம். முதல் நான்கு மாதம் கையெழுத்துக்கே போனது. வாரிசுகள் ஏழு பேர், அதில் ஒருவர் பிரான்சில். மூலப்பத்திரம் 1938-ல் நொத்தேர் எனும் பிரெஞ்சு ஆட்சிக்காலப் பத்திர அதிகாரி முன்னிலையில் எழுதியது, முழுக்க பிரெஞ்சில். அதை மொழிபெயர்த்துச் சான்று வாங்கிய பிறகுதான் வக்கீல் மேற்கொண்டு பேசவே ஆரம்பித்தார். இப்படிப் பத்திரம் வைத்திருப்பவர்கள் வேறு எதைத் தொடங்கும் முன்பும் இதை முடித்துவிடுங்கள். சித்தப்பாவின் பங்குக்கு நானும் அண்ணனும் கடன் வாங்கிப் பணம் கொடுத்து, அவர் தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டோம். சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பிறந்த வீடு அது.

அப்புறம் அனுமதி. நாங்கள் முதலில் பார்த்த பொறியாளர் வீட்டைச் சுற்றி வந்துவிட்டு, "கம்பி, காங்கிரீட் இல்லாத கட்டடத்துக்கு நான் எப்படிச் சான்று தருவது?" என்றார். சுண்ணாம்புக் கட்டுமானம் தெரிந்த ஒரு பொறியாளரைத் தேடிப்பிடிக்கவே ஒரு மாதம் ஆனது. அவர் வந்ததும் செய்த முதல் வேலை, வீட்டில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் அறை அறையாக அளந்து வரைந்து, ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்ததுதான். பிறகு எந்த மேசையில் என்ன கேள்வி வந்தாலும் அந்த வரைபடக் கட்டைத்தான் எடுத்து நீட்டினோம்.

சிக்கல் தாழ்வாரத்தில் வந்தது. நில அளவை வரைபடத்தில் எங்கள் மனையின் கோடு திண்ணையோடு நின்றுவிடுகிறது. தாழ்வாரம் கோட்டுக்கு வெளியே. கோப்பைப் பார்த்த அலுவலர், "உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். இதை எடுத்துவிட வேண்டியதுதான்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தாழ்வாரமும் திண்ணையும் இல்லாத தமிழ் வீடு வீதிக்கு முதுகைக் காட்டி நிற்கும் வீடு. ஒரு வீட்டில் எடுத்தால் பக்கத்து வீட்டுத் தூண் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும், அடுத்து அதுவும் போகும். எங்கள் வீதியில் பாதி இப்படித்தான் போயிற்று.

அன்று மாலை வைசியாள் வீதிக்குப் போய் நின்றேன். ஐரோப்பிய ஆணையத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்த வீதி அது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அங்கே தனி ஒரு வீடு கண்ணில் நிற்பதில்லை, வரிசைதான் நிற்கிறது. மறுநாள் எங்கள் விண்ணப்பத்தோடு எங்கள் வீட்டுப் படத்தை மட்டும் வைக்காமல், இருபக்கமும் மூன்று மூன்று வீடுகளைச் சேர்த்து வரைந்து வைத்தோம். எதிர்வீட்டு அத்தை தன் கல்யாணப் படம் ஒன்றைக் கொடுத்தார். மாப்பிள்ளை அழைப்பு கூட்டத்துக்குப் பின்னால் எங்கள் ஆறு தூண்களும் தெளிவாகத் தெரிந்தன.

ஆனாலும் வழி காட்டியது பொறியாளர் சொன்ன ஒரு வார்த்தை. "பிரித்துக் கட்டுகிறோம் என்று எழுதாதீர்கள். பழுதுபார்க்கிறோம் என்று எழுதுங்கள், அப்படியே செய்யவும் செய்யுங்கள்." பிரித்தால் அது புதுக்கட்டுமானம், கோட்டுக்கு வெளியே புதுக்கட்டுமானம் கிடையாது. நிற்கிற இடத்திலேயே முட்டுக்கொடுத்து, தூண் தூணாகச் சரிசெய்தால் அது பழுதுபார்ப்பு. விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தோம். இரண்டு முறை நேரில் வந்து பார்த்தார்கள், ஒரு முறை கோப்பு திரும்பி வந்தது. ஒன்பதாவது மாதம் கடிதம் கையில் கிடைத்தது.

வேலை நடந்த ஐந்து மாதமும் நான் விடுப்பெடுத்தும் எடுக்காமலும் அங்கேயே இருந்தேன். தூண்களில் இரண்டுக்கு அடிப்பாகம் மட்டும் செல்லரித்திருந்தது. தச்சர் ஜாக்கி வைத்து உத்திரத்தை விரற்கடை உயர்த்தி, கெட்டுப்போன ஒன்றரை அடியை அறுத்தெடுத்து, பழைய தேக்கில் ஒட்டுப்போட்டார். மட்டப்பாவுக்குச் சுண்ணாம்பு நீற்றிக் குழியில் ஊற வைத்தோம். தேக்குக் கட்டைகள் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பலகையால் அடித்தார்கள். பெண்கள் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை ஒரே தாளத்தில். சத்தம் மாறுவதை வைத்தே மேஸ்திரி இறுக்கம் சொல்வார். "இன்னும் பொதபொதன்னு கேக்குது அம்மா, நாளைக்கும் அடிக்கணும்" என்பார். நான்காம் நாள் அது கல்லில் தட்டுவது போல் கணீரென்று ஒலித்தது.

முன்சுவரில் அப்பா காலத்தில் பூசிய சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. கடற்கரை ஊரில் சுவர் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். பலமாக இருக்கட்டும் என்று பாசத்தோடு பூசியதுதான் சுவரைத் தின்றிருக்கிறது. பழைய வீடு வைத்திருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இதைச் செய்யாதீர்கள்.

வீட்டை விடுதியாக்கத் தரும்படி இரண்டு பேர் கேட்டார்கள். கடனை நினைத்தால் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சுற்றிலும் பல வீடுகள் விடுதியாகிவிட்டன. கோலம் போடவும், வாசலில் நின்று பேசவும் ஆள் வேண்டும். முன்கட்டில் இப்போது சித்தப்பாவின் மூத்த மகன் குடும்பத்தோடு இருக்கிறான், எங்களால் முடிந்த குறைந்த வாடகைக்கு.

பின்கட்டு மட்டப்பா இன்னும் பாக்கி. அதற்கான சுண்ணாம்பு கிணற்றடிக் குழியில் ஊறிக்கொண்டிருக்கிறது. மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி.