2147483647: எத்தனை முறை வகுக்க வேண்டும்?

உங்கள் புளோக்கின் 6 இலக்க அஞ்சல் குறியீடு பகா எண்ணா? வர்க்கமூலம் 1000-ஐத் தாண்டாது. அதற்குக் கீழுள்ள 168 பகா எண்களால் வகுத்தால் போதும்.

2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் 2147483647-க்கு 46340 வரை போக வேண்டும். ஆனால் அதன் பகாக் காரணி எதுவும் 248n+1 அல்லது 248n+63 வடிவில்தான் இருக்க முடியும். ஆகவே அதிகபட்சம் 372 வகுத்தல்கள். கணிதவியலாளர் ஆய்லர் 1772 வாக்கில் இப்படித்தான் நிரூபித்தார், கால்குலேட்டர் இல்லாமல்!

கணினியில், இத்தகைய எண் பகா எண்ணா என்று பார்க்கும் லூகாஸ்-லேமர் சோதனை எளிது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 2147483647-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். 29 (31 − 2) சுற்றில் மீதி 0 வந்தால் பகா எண். பலர் 30 சுற்று ஓட்டிவிடுவார்கள். 0 போய் −2 வந்து, பகு எண் என்று பொய் சொல்லும். வர்க்கம் 62 பிட் வரை வளரும். 32 பிட் மாறியில் வைத்தால் விடை சத்தமில்லாமல் கெடும்.