மூக்கு அலர்ஜி சிகிச்சை: ஒரு மாத்திரையால் வீணான நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்டுக்குப் போகிறவர்கள் செட்ரிசின், லீவோசெட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கிளினிக்குக்குப் போன் பண்ணிக் கேட்டபோது "சும்மா வாங்கக்கா, டாக்டர் இருக்காங்க" என்றுதான் பதில். குலசேகரத்திலிருந்து காலை பஸ் பிடித்து நாகர்கோவில் போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே போனால் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ மாத்திரை போட்டீங்க?" நேற்று ராத்திரி என்றேன். அவ்வளவுதான், டெஸ்ட் கிடையாது. மாத்திரை உடம்பில் இருந்தால் குத்தின இடம் வீங்காதாம்.

வந்ததற்கு ஒரு சந்தேகமாவது தீரட்டும் என்று, அலர்ஜிப் பொருளையே மூக்கில் அடித்துப் பழக்கும் முறை இருக்கிறதாமே, அதைச் செய்யலாமா என்று கேட்டேன். 12 வருஷமாக மூக்குதானே படுத்துகிறது, மருந்தும் அங்கேயே போகட்டும் என்பது என் கணக்கு. டாக்டர் சிரித்துவிட்டார். இத்தாலியில் நிறைய செய்து பார்த்த முறைதானாம். ஆனால் எது தும்மலைக் கிளப்புகிறதோ அதையே உள்ளே அடிப்பதால் மருந்தே தும்மலையும் அடைப்பையும் கொண்டுவரும். நுரையீரலுக்குள் இழுத்துவிடாமல் இருக்க, அடிக்கும்போது வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதனால் அது ஓரமாகப் போய், அதே அலர்ஜிப் பொருளை உடம்புக்குப் பழக்கும் ஊசியும் நாக்குக்கடியில் விடும் சொட்டு மருந்தும்தான் நிலைத்திருக்கின்றன. தினமும் காலையில் நான் சத்தம் போட்டுக்கொண்டே மூக்கில் மருந்தடித்தால் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சரி, சொட்டு மருந்தே போதும் என்றேன்.

டெஸ்டுக்காக மாத்திரையை நிறுத்திய அடுத்த ஒரு வாரம் நரகம். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை என்று சொன்னதால் தப்பித்தேன். ஐந்தாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் நான் தும்முவதைப் பார்க்கமுடியாமல் மைனி ஒரு சளி மாத்திரை கொடுத்தார். வாயில் போடுவதற்கு முன் அட்டையைத் திருப்பினால் குளோர்ஃபெனிரமின்! அதுவும் அதே ரகம். போட்டிருந்தால் இன்னொரு பயணமும் வீண்.

டெஸ்டில் சொல்ல ஒன்றுமில்லை. முன்கையில் வரிசையாகச் சொட்டு, ஒவ்வொன்றிலும் சின்னக் குத்து, 15 நிமிஷம் காத்திருப்பு. ரப்பர் ஷீட் வாடைதான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் சாதித்தார்கள். பெரிதாக வீங்கியதோ மெத்தை, தலையணையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியான டஸ்ட் மைட். ஈரப்பதம் அதற்கு அமிர்தம், நம் குமரி மாவட்டத்துக்கோ வருஷத்தில் இரண்டு மழைக்காலம்.

அடுத்த கூத்து அந்தச் சொட்டு மருந்து வந்த கதை. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய குப்பி, கூரியர் ஆபீஸில் வெள்ளி சாயங்காலத்திலிருந்து திங்கள் வரை மேஜை மேல் கிடந்திருக்கிறது. கேட்டால் வீடு பூட்டியிருந்ததாம். நான் வீட்டில்தான் இருந்தேன்! உள்ளே ஐஸ் பேக் வெந்நீர் பைபோல இருந்தது. கிளினிக்கில் கேட்டால், "ஒண்ணும் ஆகாதுக்கா, ஃபிரிட்ஜில வச்சிருங்க." நான் விடவில்லை, டாக்டரிடம் கேட்டுச் சொன்னால்தான் போனை வைப்பேன் என்றேன். டாக்டர் உடனே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். புதுக் குப்பி வர இரண்டு வாரம் ஆனாலும், அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

முதல் டோஸை கிளினிக்கிலேயே போட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். வீசிங் இருந்தாலோ பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள், சில பிரஷர் மாத்திரைகள் இதற்கு ஆகாது. முதல் பத்து நாள் நாக்குக்கடியில் அரித்தது, அப்புறம் பழகிவிட்டது. வாய்ப்புண் வந்தாலோ பல் பிடுங்கினாலோ ஆறும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

குறைந்தது மூன்று வருஷம் போட வேண்டும். இப்போது ஏழாவது மாதம், காலையில் இருபது தும்மல் போட்டவள் ஐந்தாறில் நிற்கிறேன். அடுத்த குப்பிக்குச் சொல்லும்போது திங்கட்கிழமைதான் அனுப்ப வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். கூரியர் ஆபீஸுக்கு நானே போய் நிற்கப் போகிறேன், மீன் வாங்கப் போகிற ஐஸ் பெட்டியோடு.