ஜாகிரைக் காட்டுவாங்கல்ல?

2025 பிப்ரவரி 3, திங்கட்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். ரயில் பிடிக்க இல்லை, அமெரிக்காவின் கிராமி இசை விருது விழா பார்க்க. லாஸ் ஏஞ்சலிஸில் அப்போது ஞாயிறு மதியம் பன்னிரண்டரை. இந்த வயதில் இது தேவையா என்று மனைவி வாயால் கேட்கவில்லை, புரண்டு படுத்ததிலேயே கேட்டுவிட்டாள்.

ஏன் இரண்டு மணி என்று சொல்லிவிடுகிறேன். கிராமி என்று டிவியில் வருவது நம்ம நேரத்துக்குக் காலை ஆறரைக்குத் தொடங்குகிற நிகழ்ச்சி. ஆட்டம், பாட்டு, பேச்சு, விளம்பரம் எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும், ஆனால் அதற்குள் அவர்கள் கொடுக்கிற விருதுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2025இல் மொத்தப் பிரிவுகள் 94. மிச்சம் எண்பத்துச் சொச்சத்தையும் மதியமே இன்னொரு அரங்கில் 'பிரீமியர் செரிமனி' என்று ஒன்று வைத்து மளமளவென்று கொடுத்து முடித்துவிடுவார்கள். அது டிவியில் வராது, இணையத்தில்தான் ஓடும். நம்ம ஆட்கள் பெயர் வருகிற பிரிவுகள் அநேகமாக அங்கேதான். அதாவது கல்யாணத்துக்குப் போய், மொய் எழுதி, பந்தியும் முடிந்து கிளம்பிய பிறகு வீடியோக்காரர் வந்து விளக்குப் போடுகிற மாதிரி.

இது எனக்கு 2024இல்தான் உறைத்தது. அந்த வருஷம் சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' சிறந்த உலக இசை ஆல்பம். நான் ஆறரைக்கு எழுந்து, காபி போட்டு, டிவி முன்னால் ஒழுங்காக உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறேன், செய்தி நாலு மணி நேரப் பழசாகி வாட்ஸ்ஆப் குழுவில் கிடக்கிறது. தபலா ஜாகிர் உசேன், பாடகர் சங்கர் மகாதேவன், கஞ்சிரா செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன் எல்லாரும் கோப்பையோடு நிற்கிற படம். ஜாகிருக்கு அது மட்டுமில்லை, பேலா ஃப்ளெக், எட்கர் மேயர், புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியாவோடு சேர்ந்து செய்ததற்கும் இரண்டு. ஒரே நாளில் மூன்று கிராமி. அதில் ஒன்றைக்கூட டிவியில் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு அன்று வேறு சந்தோஷம். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர், கச்சேரிக்குப் போனால் தனி ஆவர்த்தனத்துக்கு வெளியே எழுந்து போகிறவர்களை முறைக்கிற ரகம். பழைய கஞ்சிரா ஒன்று வைத்திருக்கிறார், பலாமரச் சட்டம், உடும்புத் தோல். இப்போதெல்லாம் உடும்பைத் தொட்டால் சட்டம் பாயும், இது அதற்கெல்லாம் முந்தின காலத்தில் அவர் சித்தப்பாவிடமிருந்து வந்தது. அதை வாசிக்கிறார் என்று சொல்ல முடியாது, வைத்திருக்கிறார். செல்வகணேஷ் கிராமி வாங்கினார் என்றதும் அவர் சொன்னது, "அவங்க அப்பாவுக்கு அப்பவே இதுல பங்கு உண்டே." கடம் விக்கு விநாயக்ராம். அமெரிக்க டிரம்ஸ்காரர் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் இருந்தவர், உலக இசை என்று கிராமியில் பிரிவு தொடங்கியபோது முதல் விருது அந்த ஆல்பத்துக்குத்தான் போனது. ஜாகிரும் அதில் உண்டு. மானாமதுரை மண்பானை கிராமி வரைக்கும் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அப்புறம் அதே வீட்டிலிருந்து ஒரு கஞ்சிரா. இதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை அப்பாவுக்கு.

அதனால்தான் இந்தத் தடவை இரண்டு மணி. விழிக்க வைத்தது வீண் போகவில்லை. சென்னையில் பிறந்து எம்.சி.சி. கல்லூரியில் படித்த சந்திரிகா டாண்டன் 'திரிவேணி' ஆல்பத்துக்கு வாங்கினார். கூட தென்னாப்பிரிக்கப் புல்லாங்குழல்காரர் வௌட்டர் கெல்லர்மன், செல்லோ வாசிக்கும் எரு மட்சுமோட்டோ. வேத மந்திரங்களை வைத்துச் செய்த ஆல்பம். அதே பிரிவில் ரிக்கி கேஜ், அனுஷ்கா சங்கர் பெயரும் இருந்ததால் யாராவது ஒருவர் நம்ம பக்கம் வருவார் என்று தெரியும். விடிந்ததும் எனக்கு வந்த முதல் ஃபார்வர்டு என்ன தெரியுமா, "இந்திரா நூயியின் அக்காவுக்கு கிராமி". எழுபது வயதில் பாடி வாங்கியிருக்கிறார், தங்கச்சி பெப்சி கம்பெனி நடத்தினதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்.

சரி, காலை ஆறரைக்கு வருகிறேன். அக்கா மகள் எங்கள் வீட்டில் தங்கித்தான் கல்லூரிக்குப் போகிறாள். அமெரிக்கப் பாடகி பியான்ஸேவின் ரசிகை. ரசிகை என்பது சின்ன வார்த்தை. ஹால் டிவியில் லேப்டாப்பைச் சொருகி, தலையில் எண்ணெய் வைத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டரைக்கு அவளுக்கு வகுப்பு. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பாவும் குளித்து விபூதி வைத்து வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி.

"ஜாகிரைக் காட்டுவாங்கல்ல?"

டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஜாகிர் போய்விட்டார், 73 வயது. மறைந்த கலைஞர்களை வரிசையாகக் காட்டி அஞ்சலி செலுத்துகிற பகுதி ஒன்று கிராமியில் வருஷா வருஷம் உண்டு, அது அப்பாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. காட்டாமல் எப்படி, போன வருஷம் மூணு குடுத்திருக்காங்களே என்று நான்தான் அடித்துச் சொன்னேன். இப்போது நினைத்தால் அதுதான் கடுப்பாக இருக்கிறது.

நடுவில் அக்கா மகளின் பாடத்தையும் கேட்க வேண்டியிருந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பம் என்கிற பெரிய விருதை பியான்ஸேவுக்கு நாலு தடவை கொடுக்கவில்லை. 2010இல் டெய்லர் ஸ்விஃப்ட், 2015இல் பெக், 2017இல் அடெல், 2023இல் ஹாரி ஸ்டைல்ஸ். ஆண்டு, எதிராளி, ஆல்பம் எல்லாம் விரல் நுனியில், என் பள்ளிக்கூடத்துப் பானிப்பட்டுப் போர்கள் தோற்றுவிடும். 2017இல் அடெலே மேடையில் நின்று இது பியான்ஸேவுக்குப் போக வேண்டியது என்று அழுததைப் பார்த்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அன்றிலிருந்து பிடித்த பகை. "பெக் யாருன்னே யாருக்கும் தெரியாது மாமா" என்றாள். அவளிடம் சொன்னால் அடிப்பாள், அந்த பெக் ஆல்பம் எனக்குப் பிடிக்கும், ராத்திரி பஸ் பயணத்துக்கு அதைவிட நல்லது கிடையாது.

"இத்தனை பேர் கத்துறீங்களே, ஓட்டுப் போட்டு மாத்த முடியாதா" என்று கேட்டார் அப்பா. ரசிகர் ஓட்டு கிடையாது தாத்தா, விருது குடுக்கிற அகாடமியில் உறுப்பினரா இருக்கிற பாடகர், இசைக்கலைஞர், தயாரிப்பாளர், சவுண்ட் இன்ஜினியர்னு ஒரு பதிமூவாயிரம் பேர் போடுற ஓட்டு, அதுவும் எப்பவோ போட்டு முடிச்சாச்சு என்றாள். "அப்ப இப்ப எதுக்குக் கத்துற?" பதில் இல்லை. நம்ம ஊர் சேனல் விருது விழா என்றால் யார் வந்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் விருது என்று ஊரே பேசும், பதிவு செய்து மாதம் கழித்துப் பண்டிகை நாளில் போடுவார்கள், வாங்கினவரே வீட்டில் சுண்டல் தின்றுகொண்டே பார்க்கலாம். அந்த வகையில் இது நேரலை, கத்தலாம்.

நாட்டுப்புற ஆல்பம் பிரிவு வந்தது. நாட்டுப்புறம் என்றால் நம்ம தெம்மாங்கு இல்லை, அமெரிக்கக் கன்ட்ரி. அறிவிக்க வந்தவர் டெய்லர் ஸ்விஃப்ட். உறையைப் பிரித்து பியான்ஸே பெயரைப் படித்ததும், பியான்ஸே முகத்தில் வாய் பிளந்து கண் விரிந்து ஒரு திகைப்பு, நடித்தால் அது வராது. அந்த ஒரு நொடியை இந்நேரம் உலகம் முழுக்க வெட்டி ஒட்டி மீமாக ஆக்கிவிட்டார்கள். அக்கா மகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி காம்பவுண்டு வரைக்கும் வந்து என்னம்மா ஆச்சு என்றார். பியான்ஸேவுக்கு அவார்டு மாமி என்றேன். யாருக்கு வரனா என்றார். விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த அஞ்சலி. கோல்ட்பிளேயின் கிறிஸ் மார்ட்டின் பியானோவில் உட்கார்ந்து பாட, பின்னால் திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பெயர் மாறுகிற ஒவ்வொரு தடவையும் உதடு லேசாக அசைகிறது, படிக்கிறார். எனக்கு டிவியைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. இதோ வரும், இதோ வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். முடிந்துவிட்டது. கைதட்டல். இசைத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸுக்குத் தனியாகப் பெரிய அஞ்சலி, ஸ்டீவி வொண்டர், ஹெர்பி ஹான்காக் எல்லாரும் வந்து பிரமாதமாகச் செய்தார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா, "அவ்வளவுதானா? இல்ல நான் பாக்காம விட்டுட்டேனா?" என்றார்.

கண் பார்வை குறைந்தவர், தன் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்.

அக்கா மகள்தான் லேப்டாப்பில் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. இல்லை தாத்தா, போடல. அதற்குள் எக்ஸ் தளத்தில் இந்தியா முழுக்க எரிய ஆரம்பித்துவிட்டது. போன வருஷம் மூன்று விருது கொடுத்த ஆளை இந்த வருஷம் மூன்று நொடி காட்ட முடியவில்லையா என்று எல்லாரும் கேட்டதைத்தான் நானும் எழுதினேன், நாலு வரி, இரண்டு எழுத்துப்பிழை. கோபத்தில் எழுதினால் எனக்கு ஒற்று மிகும்.

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, இப்ப தெரியுதா?" என்றாள். தெரிந்தது. போன வருஷம் இதே மேடையில் பியான்ஸேவின் கணவர் ஜே-ஸி வந்து, என் மனைவிதான் அதிக கிராமி வாங்கினவள், ஆனால் ஆண்டின் ஆல்பம் மட்டும் ஒரு தடவைகூட இல்லை, உங்கள் கணக்கே உங்களுக்கு ஒத்து வரவில்லையே என்கிற மாதிரி பேசினபோது இவள் எழுந்து நின்று கைதட்டினாள். கோடீஸ்வரன் பொண்டாட்டிக்கு இன்னொரு கோப்பை வராததுக்கு நீ ஏன் அழற என்று நான் கேலி பண்ணினேன். இந்த வருஷம் ஒரு படம் திரையில் வராததுக்கு நான் பல் துலக்காமல் உட்கார்ந்து அமெரிக்காவோடு சண்டை போடுகிறேன். ஜாகிருக்கு அந்தப் படத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்குத்தான் அப்பா பக்கம் திரும்ப முடியவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்வேன். விருது கொடுக்கும்போது டிவி கிடையாது என்பதை வருஷக்கணக்காக நாம் ஏற்றுக்கொண்டாயிற்று, நேரம் போதாது, சரி. செத்த பிறகு காட்டுவதற்கும் நேரம் போதாது என்றால், டிவியில் வராத பிரிவில் வாங்கினவர் டிவிக்காரர்கள் ஞாபகத்திலும் இருக்க மாட்டார் என்று அர்த்தம். மறந்துவிட்டார்கள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் பார்க்கவே இல்லை, பார்க்காததை எப்படி மறப்பார்கள்.

கடைசி விருது வரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் எரிந்ததே காட்டுத்தீ, அதை அணைத்த தீயணைப்பு வீரர்களை மேடைக்குக் கூப்பிட்டு ஆண்டின் சிறந்த ஆல்பத்தை அறிவிக்க வைத்தார்கள். 'கவ்பாய் கார்ட்டர்', பியான்ஸே. மகள் கூட வர மேடை ஏறினார். அக்கா மகள் கத்தவில்லை. போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"இந்தப் பொண்ணு இதுக்கு முன்னாடி வாங்கினதே இல்லையா?" என்றார் அப்பா.

"இன்னியோட முப்பத்தஞ்சு தாத்தா."

"முப்பத்தஞ்சா?" என்று என்னைப் பார்த்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது ஹாலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் 2024 பிரீமியர் வீடியோவைத் தேடியெடுத்து டிவியில் போட்டிருந்தாள், சக்தி குழு மேடை ஏறுகிற இடம். சங்கர் மகாதேவன் மைக்கில் பேசுகிறார், ஜாகிர் பக்கத்தில். அப்பா நிறுத்தச் சொன்னார், படம் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். "பேச்சு போதும், வாசிக்கிறது இருக்கா பாரு" என்றார். அவள் ஒரு கச்சேரி வீடியோவைப் போட்டாள். தபலாவுக்கும் கஞ்சிராவுக்கும் கேள்வி பதில் மாதிரி போகிற இடம் வந்ததும் அப்பா எழுந்து போய் பூஜை அறை ஆணியில் தொங்கிய கஞ்சிராவை எடுத்து வந்தார். கிண்ணத்தில் தண்ணீர். விரலை நனைத்து உள்பக்கத் தோலில் தடவினார், தட்டிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் தடவினார். தண்ணீர் பட்டால்தான் சுருதி இறங்கி அந்த அடித்தொண்டை நாதம் வரும், ஆனால் ஒரு சொட்டு கூடினால் போச்சு. மறுபடி தட்டினார். பொத் என்றது.

"ஜாஸ்தியாயிடுச்சு, காயட்டும்" என்று ஜன்னல் ஓரம் வைத்தார். "நீ நிறுத்தாத, ஓடட்டும்."