கேள்வி கேட்க வருகிறவர்கள்

மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கவுண்டியின் கருவூல அலுவலகத்தில், சொத்து வரி பாக்கிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த வருஷத்துப் பாக்கி, கடிதம் போனதா, போனது திரும்பி வந்ததா, இதெல்லாம் என் திரையில்தான் கிடக்கும். கவுண்டியை நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிஷனர்களின் கூட்டத்தில் வரி பாக்கி பற்றிப் பேச்சு வருகிற நாட்களில் அறிக்கையை எடுத்துக்கொண்டு மேலதிகாரியுடன் நானும் போய் உட்கார வேண்டும். அங்கே மைக் முன்னால் வந்து நிற்கிற ஊர்க்காரர்கள் கேட்பதைக் கேட்டுக் கேட்டுத்தான், நான் பார்க்கிற வேலை மறுபக்கத்தில் இருப்பவர்களுக்கு என்னவாகப் போய்ச் சேருகிறது என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. வரியை மதிப்பிடுவதும் பில் அனுப்புவதும் அதற்குக் கீழே இருக்கிற நகரமோ, டவுன்ஷிப் என்கிற சிறிய உள்ளாட்சியோதான், ஜூலையில் ஒரு பில், டிசம்பரில் ஒரு பில். அதைக் கட்டாமல் விட்டால் அடுத்த மார்ச் 1 அன்று பாக்கி முழுவதும் எங்களிடம் வந்துவிடும். வந்ததுமே 4 சதவீதம் நிர்வாகக் கட்டணம், மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. அதற்கடுத்த மார்ச் 1 வந்தும் கட்டவில்லை என்றால் 175 டாலர் கட்டணம் ஏறும், வட்டியும் மாதம் ஒன்றரை சதவீதமாகும், அதுவும் ஒரு வருஷம் பின்னால் போய்க் கணக்கிடப்படும். அதற்கும் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நீதிமன்ற விசாரணை, மார்ச் 31 கடைசி நாள். அன்றைக்குள் பணம் வராவிட்டால் வீடு கவுண்டிக்குப் போய்விடும், அப்புறம் ஏலம். 1999ஆம் ஆண்டின் 123ஆவது சட்டம் போட்டுக் கொடுத்த பாதை இது. 3,000 டாலர் பாக்கியாக எங்களிடம் வந்த ஒரு வீடு, இரண்டு வருஷம் கழித்து 4,375 டாலரில் நிற்கும், பதிவுச் செலவெல்லாம் தனி. முதலிலேயே 3,000 புரட்ட முடியாதவருக்கு இந்த 4,375 எங்கிருந்து வரும்?

1976இல் வந்த திறந்த கூட்டங்கள் சட்டப்படி கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். எவ்வளவு நேரம் என்பதைக் கமிஷனர்கள் வாரியம் முடிவு செய்துகொள்ளும், எங்கள் கவுண்டியில் ஆளுக்கு மூன்று நிமிடம். கமிஷனர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் கிடையாது. பெரும்பாலும் சொல்லவும் மாட்டார்கள், நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். புதிதாக வந்திருந்தபோது இதுதான் ஒழுங்கு என்று நானும் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பேசுவதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, கை நடுங்க நின்று ஒருவர் கேட்கும்போது நேரம் முடிந்த மணியை மட்டும் பதிலாகக் கொடுத்து அனுப்புவது மரியாதை இல்லை.

வருகிறவர்களில் இரண்டு தரப்பு உண்டு. ஒரு தரப்பு, எவ்வளவு கஷ்டமானாலும் ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள். அவர்கள் கேட்பது, எங்கள் தெரு முனையில் வருஷக்கணக்காகக் கூரை இடிந்து கிடக்கிற கட்டடத்தின் சொந்தக்காரர் வரி கட்டுவதே இல்லையே, அவரை ஏன் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. ஏலத்தில் மலிவாக எடுத்து, வாடகைக்கு விட்டு, வரியே கட்டாமல் மூன்று வருஷம் ஓட்டிவிட்டுத் திரும்ப எங்களிடமே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாக்கி வைத்திருப்பவர் அதே கவுண்டியில் ஏலம் எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஏலம் எடுப்பவர் உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். ஆனால் புதுப் பெயரில் ஒரு எல்எல்சி, அதாவது ஒரு தனி நிறுவனம், பதிவு செய்து வந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று கண்டுபிடிப்பது எளிதில்லை. வரி பில் போய்ச் சேருகிற தபால் முகவரியை வைத்து நான் சில பேரை இணைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு எங்களிடம் ஆள் போதாது என்பதுதான் உண்மை.

இன்னொரு தரப்பு, வீடு போகப் போகிறவர்கள், அல்லது போய்விட்டவர்களின் பிள்ளைகள். இவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே இவர்களைப் பற்றி இருக்கிற பேச்சு 'வரி கட்டாமல் ஏமாற்றுகிறவர்கள்' என்பது. என் பட்டியலில் நான் பார்க்கிறது அது இல்லை. சொந்த வீட்டில் குடியிருந்து முதல்முறையாகப் பாக்கி விழுந்தவர்களை எடுத்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப ஒரே கதைதான் வரும். வீட்டுக் கடன் இருந்தவரை வங்கிக்காரன் மாதத் தவணையோடு வரிக்கும் சேர்த்து வாங்கி அவனே கட்டிவிடுவான், எஸ்க்ரோ என்பார்கள். கடன் முடிந்த அன்றைக்கு அதுவும் நின்றுவிடும். இருபது முப்பது வருஷம் வரி பில்லைக் கண்ணால் பார்க்காதவர், கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பார். அந்த நிம்மதியில்தான் முதல் பாக்கி விழுகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே இப்படி ஒரு வழக்கு இருக்கிறது. அர்கன்சாவின் லிட்டில் ராக்கில் கேரி ஜோன்ஸ் என்பவர் 1967இல் வாங்கிய வீடு. முப்பது வருஷம் கடன் கட்டி 1997இல் முடித்தார், அதுவரை வங்கிதான் வரி கட்டி வந்தது, அதற்குப் பிறகு யாரும் கட்டவில்லை. அரசு பதிவுத் தபாலில் கடிதம் போட்டது, வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தது, ஆனாலும் வீட்டை விற்றுவிட்டார்கள். கடிதம் திரும்பி வந்தது தெரிந்த பிறகும் வேறு வழியில் சொல்ல முயலாமல் விற்றது தவறு என்று 2006இல் தீர்ப்பு வந்தது. எங்கள் அலுவலகத்தில் சாதாரணத் தபாலும் சேர்த்துப் போடுவது, ஆளை நேரில் அனுப்பிக் கதவில் ஒட்டுவது, பத்திரிகையில் போடுவது எல்லாம் உண்டு. சட்டம் கேட்பதைச் செய்கிறோம். ஆனால் பதிவுத் தபால் என்றால் பகலில் தபால்காரர் வருவார், ஆள் இல்லாவிட்டால் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டுப் போவார், அதை எடுத்துக்கொண்டு தபால் நிலையம் திறந்திருக்கிற நேரத்துக்குள் போக வேண்டும். ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர் போவார்கள்? வாங்க ஆளில்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வருகிற கவர்களை நாங்கள் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறோம்.

ஒருநாள் கவுண்டரில் ஆள் குறைவு என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். வயதான ஒரு அம்மா கைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கடிதக் கட்டை எடுத்து வைத்தார். எல்லாம் நாங்கள் அனுப்பியவை, தேதி வாரியாக அடுக்கியிருந்தார், ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்த பிறகுதான் வந்திருக்கிறார். "என் கணவர் பேருக்கு வந்த கடிதம், அவர்தான் இல்லையே, அவருக்கு வந்ததை நான் எப்படிப் பிரிப்பது?" என்று கேட்டார். எங்கள் கணினியில் இன்னும் இறந்துபோனவர் பெயர்தான் இருந்தது. அந்தக் கட்டில் இருந்த முதல் கடிதத்துக்கே ஒரு ஆள் போன் பண்ணிச் சொல்லியிருந்தால் போதும், வட்டியும் கட்டணமும் இவ்வளவு ஏறியிருக்காது. தவணைத் திட்டத்தில் சேர்த்துவிட்டோம், அந்த வீடு தப்பித்தது. அவருடைய வருமானத்துக்கு, ஏழைகளுக்கு வரியைத் தள்ளுபடி செய்கிற ஏழ்மை விலக்கே கிடைத்திருக்கும். ஆனால் அதை நகரத்தின் மறுஆய்வுக் குழுவிடம் பொதுவாக ஒவ்வொரு வருஷமும் அந்தந்த வருஷத்துக்கே கேட்க வேண்டும். எங்களிடம் பாக்கியாக வந்து சேரும்போது அந்த வருஷம் முடிந்துபோயிருக்கும், நாங்கள் நினைத்தாலும் கொடுக்க முடியாது.

கூட்டத்தில் கேள்வி கேட்கிறவர்களை அலைக்கழிப்பதும் இதே இடத்தில்தான். மதிப்பீடு அதிகம் என்றால், அது நகரத்தின் வேலை என்பார்கள். வட்டி அதிகம் என்றால், அது மாநிலச் சட்டம், மாநிலத் தலைநகர் லான்சிங்கில் போய்க் கேளுங்கள் என்பார்கள். ஏலத்தை நிறுத்துங்கள் என்றால், கமிஷனர்களுக்கு அதிகாரமில்லை, கருவூல அதிகாரி தனியாகத் தேர்தலில் வென்று வந்தவர் என்பார்கள். சொல்வது ஒவ்வொன்றும் சரிதான். ஆனால் கேட்டவருக்கு இருப்பது ஒரே வீடு. மதிப்பீடு சரியா என்று கேட்பதும் வீண் சந்தேகம் இல்லை. சந்தை விலையில் பாதிக்கு மேல் மதிப்பிடக் கூடாது என்று இந்த மாநில அரசியல் சாசனம் சொல்கிறது. 2010 முதல் 2016 வரை டெட்ராய்ட் நகரம் வீட்டுக்காரர்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் அதிகமாக வரி விதித்திருக்கிறது என்று தி டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகை 2020இல் கணக்குப் போட்டு எழுதியது. அதிகமாகப் போட்ட வரியைக் கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்களும் அந்த ஊரில் உண்டு. அதைப் படித்தவர்கள் எங்கள் கூட்டத்துக்கு வந்து கேட்காமல் என்ன செய்வார்கள்?

வீட்டை விற்று வந்ததில் பாக்கி போக மிஞ்சுகிற பணம் யாருக்கு என்ற கேள்விதான் எல்லாரையும் அதிர வைத்தது. ஊரி ரஃபேலி என்பவர் ஓக்லண்ட் கவுண்டியில் வாங்கிய வீட்டுக்கு 8 டாலர் 41 சென்ட் குறைவாக வரி கட்டிவிட்டார். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்து பாக்கி 285 டாலர் ஆனது. கவுண்டி வீட்டை 24,500 டாலருக்கு விற்று மொத்தத்தையும் வைத்துக்கொண்டது. அது செல்லாது என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பளித்தது. மினசோட்டாவில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் வீட்டை 40,000 டாலருக்கு விற்று, 15,000 டாலர் பாக்கி போக மீதி 25,000 டாலரையும் கவுண்டி எடுத்துக்கொண்டது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அது தவறு என்றார்கள். பைபிள் வாசகத்தை வைத்து, இராயனுக்கு (அரசனுக்கு) உரியதை இராயனுக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் இல்லை என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். ஜோன்ஸ் வழக்கின் தீர்ப்பை எழுதியவரும் அவர்தான்.

சரி, இப்போது மிச்சம் கிடைக்கிறதா என்றால், கிடைக்கும், கேட்டால். வீடு கவுண்டிக்குப் போன ஆண்டின் ஜூலை 1க்குள் 5743 என்ற படிவத்தை நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, நேரில் சேர்ப்பித்தோ பதிவுத் தபாலிலோ கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் மனுவும் போட வேண்டும். கட்டுக் கட்டாகப் பிரிக்காத கவரோடு வந்த அந்த அம்மாவை நினைத்துப் பார்க்கிறேன். வீடு போன துக்கத்தில் இருக்கிற அப்படி ஒருவர் இதைச் செய்வார் என்று யார் நம்பியிருப்பார்கள்? விற்றவர்களிடமே கணக்கு இருக்கிறது, யார் வீடு என்பதும் தெரியும். நாமே தேடிப் போய்க் கொடுப்பதற்கு சட்டம் திருத்தப்பட வேண்டும், அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கடைசியாக ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வரி பாக்கி எதுவும் இல்லாதவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த வட்டியெல்லாம் எங்கே போகிறது? பலருக்குத் தெரியாத விஷயம் இது. யாராவது வரி கட்டாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் பணம் நின்றுவிடுவதில்லை. கவுண்டி ஒரு சுழல் நிதி வைத்திருக்கிறது. கடன் பத்திரம் போட்டுப் பணம் புரட்டி, பாக்கித் தொகையை அவர்களுக்கு முழுதாகக் கொடுத்துவிட்டு, பாக்கிக்காரரிடம் வட்டியோடு வசூலித்துக்கொள்கிறது. கடன் செலவு போக நிதியில் உபரி நின்றால் அதைக் கவுண்டியின் பொது நிதிக்கு மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் நடக்க இந்த ஏற்பாடு தேவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நெருக்கடியில் இருப்பவர் கட்டுகிற, வருஷத்துக்கு 18 சதவீத வட்டி பொதுச் செலவுக்கு உதவுகிறது என்றால், அது எவ்வளவு என்று கேட்கிற உரிமை அந்த ஊரில் இருக்கிற எல்லாருக்கும் உண்டு.

அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து அதே கேள்வியைக் கேட்டார், குரலை உயர்த்தாமல். ஆண்டறிக்கையில் அந்தத் தொகை எங்கோ ஒரு அட்டவணைக்குள் இருக்கத்தான் செய்தது. அதைத் தனிப் பக்கமாக எடுத்து, வட்டி இவ்வளவு, கட்டணம் இவ்வளவு, பொது நிதிக்குப் போனது இவ்வளவு என்று சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி போடலாமே என்று நான் மேலதிகாரியிடம் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றார், வீண் வம்பு என்றார். பிறகு பெரியவர் விடுவதாக இல்லை என்று தெரிந்ததும் போடச் சொன்னார். அதோடு, முதல் கடிதத்தின் வாசகத்தையும் மாற்றினோம். சட்டப் பிரிவு எண்களை அடியில் தள்ளிவிட்டு, "உங்கள் வீட்டுக் கடன் முடிந்துவிட்டதா? இனி வரியை நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்பதை மேலே பெரிய எழுத்தில் வைத்தோம். முதல்முறை பாக்கி விழுந்து, சொந்த வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு போன் பண்ணுகிற வழக்கமும் வந்திருக்கிறது. இதற்கெல்லாம் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்தப் பக்கம் வெளியான பிறகு பெரியவர் மறுபடியும் மைக் முன்னால் வந்து, சரி, தொகை தெரிந்துவிட்டது, இதில் ஒரு பகுதியை முதல் தடவை சிக்கிக்கொண்டவர்களைக் காப்பாற்ற ஏன் ஒதுக்கக் கூடாது என்று கேட்டார். இந்த முறை ஒரு கமிஷனர் பதில் சொன்னார், நிதிக் குழுவுக்கு அனுப்புகிறோம் என்று. எவ்வளவு ஒதுக்கினால் எத்தனை வீடுகள் தப்பும் என்ற கணக்கு என் மேஜைக்குத்தான் வந்திருக்கிறது. கடன் முடிந்த வீடுகள், இறந்தவர் பெயரிலேயே இருக்கும் வீடுகள், ஏழ்மை விலக்கு கிடைத்திருக்க வேண்டிய வீடுகள் என்று தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன்.