ஜீப்புக்கு இரண்டு அங்குலம்: ஒரு நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

ஏலத்தோட்டத்துக்கு எட்டு மூட்டை உரம் ஏற்றிப் போனதில் ஜீப்பின் அடிப்பகுதி இன்று பாதையில் மூன்று இடங்களில் அடிவாங்கியது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் தார்ச்சாலைதான் என்பதால் அங்கே ஒரு தொல்லையும் இல்லை. பூப்பாறையைத் தாண்டித் தோட்டத்துக்குள் இறங்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதையில்தான் பிரச்சினை. வண்டி 1995ஆம் ஆண்டு மகிந்திரா எம்எம் 540. நான்கு சக்கர இழுவை உண்டு; முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், அதாவது எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில். போடியில் யாரிடம் கேட்டாலும் "தூக்கி விட்ருங்க" என்கிறார்கள். எவ்வளவு தூக்குவது, எதை வைத்துத் தூக்குவது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு விடை வருகிறது. 25,000 ரூபாய்க்கு மேல் செலவழிப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 10, புதன்

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது.

புதிய கீறல்கள் இரண்டு வகையாக இருந்தன. ஒன்று, பின் ஆக்சிலின் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) நடுவில் உருண்டு நிற்கும், பல்சக்கரங்களை மூடிய கிரவுன் ஹவுசிங்கின் அடிவயிற்றில். மற்றொன்று, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேர்ந்து தொங்கும் சைலன்சர் குழாயிலும் அதற்கு முன்னால் இருக்கும் குறுக்குச் சட்டத்திலும். இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் சேசிஸும் உடலும்தான் மேலே போகும்; சக்கரத்தின் அச்சோடு ஒட்டியிருக்கும் கிரவுன் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த வல்லது டயர் ஒன்றுதான்.

சமதரையில் காலி வண்டியை நிறுத்தி அளந்தேன். கிரவுன் ஹவுசிங்குக்கும் தரைக்கும் இடையில் 20.5 செ.மீ. பின் ஆக்சிலுக்கும், அது மேலே வந்து இடிக்காமல் தாங்கச் சேசிஸில் இருக்கும் முட்டு ரப்பருக்கும் இடையில் இடப்பக்கம் 62 மி.மீ., வலப்பக்கம் 41 மி.மீ. வலப்பக்க ரப்பர் தேய்ந்து கண்ணாடிபோல மின்னியது. மூட்டை ஏறியதும் ஆக்சில் போய் ரப்பரில் உட்கார்ந்துவிடுகிறது. அதன்பின் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். விருந்துக்குப் பிறகு, கேட்டு வைத்திருந்த வழிகளை எல்லாம் தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன்.

உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் கட்டைகளை வைத்து உயர்த்தும் முறை முதலில் போயிற்று. பெரிய டயருக்கு இடம் கிடைக்குமே தவிர, என் குறுக்குச் சட்டம் அதனால் ஒரு நூலும் மேலே வராது.

இரண்டாவது, ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் பட்டையைப் பிரித்து மேலே ஏற்றி வைப்பது. ஆக்சில் குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து அங்குலம் கிடைக்கும். பார்க்கவும் வண்டி மிரட்டலாக நிற்கும். ஆனால் இந்த வண்டியில் பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் குட்டையானது. ஐந்து அங்குலம் ஏறினால் அது மிகவும் சாய்ந்து, அதன் முனைகளில் மடங்கும் மூட்டுகளான யூனிவர்சல் ஜாயின்ட்டுகளைத் தின்னும். ஸ்டியரிங் கம்பியின் கோணம் கெட்டுக் குழியில் விழும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். இதற்கு மேல், பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு பக்கச்சரிவில் போகும் வண்டிக்கு எடை மையத்தை ஐந்து அங்குலம் உயர்த்துவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்த முறை 2025இல் வருகிறது. ஆய்வாளர் முன்னால் ஒட்டகம்போல நிற்கும் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு விருப்பமில்லை.

உயரமான புதுப் பட்டையும் கேஸ் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து வரும் முழுத் தொகுதிக்கு விலை கேட்டேன். என் வரம்பைப் போல மூன்று மடங்கு. அதையும் அடித்தாயிற்று.

மீதமிருப்பவை மூன்று: நீளமான ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸில் தொங்கவிடும் இணைப்பு), கூடுதலாக ஒரு பட்டை, பழைய பட்டைகளையே மீண்டும் வளைத்தல்.

ஏப்ரல் 19, வெள்ளி

தேர்தல் நாள். பட்டறைகள் திறக்கவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து டயரை அளந்தேன்: இப்போதுள்ள 6.00-16இன் உயரம் 73 செ.மீ. கடைக்காரர் சிபாரிசு செய்யும் அகலமான 235/75 ஆர் 15ஐக் கணக்குப் போட்டால் 73.3 செ.மீ. வருகிறது. பார்வைக்குத்தான் அது பெரிய டயர். கிரவுன் ஹவுசிங்குக்கு அதனால் இரண்டு மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது.

ஏப்ரல் 21, ஞாயிறு

தெரிந்த ஒரு மெக்கானிக் தன்னிடம் கிடந்த நீள ஷாக்கிள் ஜோடியைச் சோதித்துப் பார்க்கத் தந்தார். பழையதைவிட இரண்டு அங்குலம் நீளம். பட்டையின் ஒரு முனை மட்டுமே ஷாக்கிளில் தொங்குவதால் வண்டிக்குக் கிடைத்தது அதில் பாதி, அதாவது ஓர் அங்குலம். முன்பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு தேனிச் சாலையில் ஓட்டினேன். அறுபதைத் தொட்டதும் வண்டி இடமும் வலமும் மேயத் தொடங்கியது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகவில்லை. கையால் இழுத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது.

காரணம் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது விளங்கியது. இந்த வண்டியில் முன் பட்டையின் ஷாக்கிள் பம்பர் பக்கம் இருக்கிறது. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான பட்டையின் முன்முனையை மட்டும் ஐம்பது மில்லிமீட்டர் கீழே இறக்கினால், அதோடு கட்டப்பட்டிருக்கும் ஆக்சிலும் ஏறக்குறைய மூன்று பாகை முன்னோக்கிச் சுழலும். ஸ்டியரிங்கை நேராக்கித் தருகிற காஸ்டர் கோணமே இவ்வகை வண்டிகளில் மூன்று பாகை அளவில்தான். அது முழுவதும் போயிற்று. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம் என்றார்கள். ஒன்றைக் கெடுத்துவிட்டு அதற்கு ஆப்பு வாங்குவானேன் என்று மாலையே கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 29, திங்கள்

நான்கு பட்டைக் கட்டுகளையும் கழற்றித் தேனியில் லாரிப் பட்டை வேலை செய்யும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். கட்டைப் பிரித்து ஒவ்வொரு பட்டையையும் கம்பித் தூரிகையால் தேய்த்தார். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தார். அதன்மேல் சுண்ணாம்புக்கட்டித் தூளைப் பூசிச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். வலப்பின் கட்டின் இரண்டாம் பட்டையில், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் துளையின் ஓரத்திலிருந்து வெள்ளைத் தூளின் மீது மெல்லிய ஈரக்கோடு ஒன்று எழுந்து வந்தது. விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிட்டது. இதற்குமேல் ஒரு கூடுதல் பட்டையைச் சொருகி ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அண்ணே, வளைக்கிறதுதான் வளைக்கிறீங்க, ரெண்டு இஞ்சு கூட வச்சு வளைச்சிருங்க" என்றேன்.

"வளைக்கலாம் தம்பி, பில்லும் போட்டிருவேன். ஆனா கூட வச்ச ரெண்டு இஞ்சுதான் மொதல்ல எறங்கும். எறங்குற வரைக்கும் காலி வண்டியில ஒங்க முதுகு தாங்காது."

விரிசல் கண்ட கட்டுக்குப் புதிதாக வாங்கிய மெயின் (முதல்) பட்டையையே அளவாகக் கொண்டு, அதன் வளைவைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துகொண்டார். பழைய பட்டைகள் உலையில் நன்கு சிவந்து, அந்தக் கோட்டுக்கு வளைந்து, எண்ணெய்த் தொட்டியில் புகையோடு இறங்கின. பிறகு அளவான சூட்டில் பதப்படுத்த மீண்டும் உலைக்குப் போயின. சூடு காட்டாமல் சுத்தியலால் மட்டும் தட்டி வளைத்துத் தருபவர்களும் உண்டு. கூலி பாதிதான், ஆனால் ஒரு மழைக்காலத்துக்குள் பட்டை பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்றார்.

மே 4, சனி

மாட்டி முடித்தாயிற்று. செலவு: நான்கு கட்டுகளை வளைத்துப் பதப்படுத்த 8,000, புதுப் பட்டைகள் இரண்டு 3,600, பட்டை முனைகளின் புஷ், பின் (pin) வகையில் 2,400, பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் எட்டு 1,600, சாதாரண எண்ணெய் ஷாக் அப்சார்பர் நான்கு 5,600. மொத்தம் 21,200 ரூபாய். யூ போல்ட்டுகளைப் பழையதையே போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கும் சபலம் தட்டியது. ஒருமுறை இறுகி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது என்பதால் மாற்றிவிட்டேன். சக்கரத்தைத் தொங்கவிட்டு, பிரேக் ரப்பர் குழாய் இழுபடுகிறதா என்றும் பார்த்தேன். தொய்வாகவே இருந்தது.

முட்டு ரப்பர் இடைவெளி இப்போது இடப்பக்கம் 94 மி.மீ., வலப்பக்கம் 90. வலப்பக்கம் கிடைத்தது 49 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். நான் புதிதாக எதையும் உயர்த்தவில்லை; இத்தனை ஆண்டுகளில் வண்டி இழந்த உயரம் இது. கிரவுன் ஹவுசிங்கின் அடியில் அதே 20.5 செ.மீ.

மே 19, ஞாயிறு

இரண்டு வாரத்தில் பட்டைகள் எட்டு மில்லிமீட்டர் படிந்து நின்றுவிட்டன. யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கியதில் ஒவ்வொன்றும் கால் சுற்று ஏறியது. கோடை மழை வெளுத்து வாங்கிய பாதையில் இன்று மீண்டும் எட்டு மூட்டை ஏற்றிப் போனேன். சைலன்சரும் குறுக்குச் சட்டமும் எங்கும் தட்டவில்லை. ஆக்சில் ரப்பரை ஒரே ஒரு முறை தொட்டது, அதுவும் ஓடைக்குழியில்.

கிரவுன் ஹவுசிங் மட்டும் பழைய இடத்தில், பலா மரத்தடி வளைவில் துருத்தி நிற்கும் அதே பாறையில் உரசியது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். தோட்டத்தில் வேலை செய்யும் இருவர் கடப்பாரையோடு வந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் பாறையைப் பெயர்த்துப் பள்ளத்துப் பக்கம் உருட்டி, குழியில் சரளை கொட்டி மிதித்தோம். திரும்பி வரும்போது அந்த வளைவில் சத்தமில்லை.

மீதி 3,800 ரூபாயில் இருவருக்கும் அரைநாள் கூலி கொடுத்தேன்.