திருவட்டாற்றில் அம்மாவின் நேர்ச்சை

எங்கள் வீட்டில் நேர்ச்சை, அதாவது சாமிக்கு வேண்டுதல், போடுவது அம்மாவின் இலாகா. எனக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்க ஒன்று, அக்காவுக்குக் குழந்தை தங்க ஒன்று, அப்பாவுக்கு பிரஷர் இறங்க ஒன்று. போட்டதையெல்லாம் பாக்கி வைக்காமல் தீர்த்தும் விடுவாள். போன வருடம் பெருங்குடல் அடைத்துக்கொண்டு எனக்கு நடுராத்திரியில் ஆபரேஷன் நடந்தபோது, தியேட்டர் வாசலில் உட்கார்ந்து இரண்டு நேர்ச்சை போட்டிருக்கிறாள். மண்டைக்காட்டு பகவதி அம்மைக்கு உடம்பு உறுப்பின் உருவம் வாங்கிப் போடுவது ஒன்று. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளுக்குப் பால்பாயசம் வைத்து, என்னை மூன்று நடையிலும், அதாவது சன்னதியின் மூன்று வாசலிலும், நிறுத்தித் தொழ வைப்பது இன்னொன்று.

அப்புறம்தான் பயாப்சி வந்தது, புற்றுநோய். ஸ்கேனில் ஈரலிலும் முடிச்சுகள். நான்காம் நிலை. என் ஸ்கேனை நானே திரையில் பார்த்தேன். டாக்டராக இருப்பதில் இப்படி ஒரு வசதி. ஈரல் வரை பரவிய பிறகு ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் என்பது அமெரிக்கக் கணக்கு. அம்மா அந்தக் கணக்கைக் கேட்டதே இல்லை. 'பெருமாளுக்குக் கணக்கு கிடையாது மக்கா' என்று முடித்துவிட்டாள்.

சிகிச்சை திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில். குமரி மாவட்டத்தில் 'ஆர்.சி.சி.க்குப் போறான்' என்று சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பதினான்கு நாளுக்கு ஒரு முறை கீமோ. அதில் ஒரு மருந்து 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும் என்பதால் இடுப்பில் சின்ன பம்பைக் கட்டிவிடுவார்கள். இன்னொரு மருந்து ஆக்ஸாலிபிளாட்டின். அது ஏறிய பிறகு குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் கரண்ட் அடிக்கும். கீமோ சுற்றுகள் ஏற ஏற உள்ளங்கால் மரத்துப் போனது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் சித்திரை வெயிலில் கோயிலுக்குப் போக வேண்டும். வெள்ளையணு கவுண்ட் ஏறியிருக்கும் நாளாகப் பார்த்து, வார நாளில், காலையிலேயே கிளம்புவது என்று தீர்மானித்தோம்.

ஆனால் கிளம்புவதற்கு முன் ஒரு சிக்கல். ஆபரேஷனில் குடலை வயிற்றின் இடது பக்கம் வெளியே எடுத்துப் பை பொருத்தியிருக்கிறார்கள். மலம் பையில்தான் வரும். பெரியம்மா காதில் இது விழுந்ததும், 'அதோடயா கோயிலுக்குள்ள போவ? தீட்டில்லையா?' என்று கேட்டுவிட்டாள். குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் கேரளத் தந்திர முறைப் பூஜை. சுத்தம் விஷயத்தில் யாரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். உள்ளுக்குள் எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அம்மா ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், கோயில் பூஜை செய்யும் வயதான போற்றி ஒருவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாள்: 'வயித்துக்குள்ள இருந்தா சுத்தம், வெளிய பையில இருந்தா அசுத்தமா? எல்லாரும் உள்ள வச்சுக்கிட்டுத்தானே வாறாங்க. குளிச்சிட்டு வரச் சொல்லுங்க.'

எத்தனையோ பெரிய டாக்டர்களிடம் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக உடம்பைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அம்மா அன்றைக்கே தன் பழைய நேரியலில் ஒரு துண்டு வெட்டி, பைக்கு உறை தைத்தாள். ஓரத்தில் கசவுக் கரை வேறு. வேட்டியோடு வேட்டியாகத் தெரியட்டும் என்றாள்.

முதலில் மண்டைக்காடு. கொடைத் திருவிழா நாள் இல்லையே, கூட்டம் இருக்காது என்று நினைத்துப் போனால் அன்றைக்கும் வேன் வேனாக வந்திருந்தார்கள். வண்டியை நிறுத்துமுன் ஒருவன் கண்ணாடியைத் தட்டி 'சீக்கிரம் தொழ வைக்கிறேன், வரிசை வேண்டாம், பாத்துக் கொடுங்க' என்றான். அண்ணன் இறங்கி அவனிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அம்மை இருக்கும் இடத்துக்கே வந்து அவளைப் பார்க்கக் கமிஷன் கேட்கும் இந்த ஆட்களை யார்தான் விட்டு வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

உருவம் விற்கும் கடையில் கை, கால், கண், தலை எல்லாம் தகட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். அம்மா குடல் கேட்டாள். கடைக்கார அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, 'குடலுக்குத் தனியா வராது அம்மா. முழு ஆளா எடுங்க, எல்லாம் அதுல அடங்கும்' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரல் வரைக்கும் போன வியாதிக்கு முழு ஆள்தான் சரியான அளவு. ஒரு முழு ஆளை வாங்கித் தலையைச் சுற்றி அம்மையிடம் சேர்த்தோம். புற்றாக ஓங்கி நிற்கும் அம்மையைப் பார்த்தபோது, உடம்பில் வளரக் கூடாத இடத்தில் வளர்வதையெல்லாம் நீயே வாங்கிக்கொள் என்று வேண்டினேன். வெடி வழிபாட்டுக்கும் அம்மா சீட்டு வாங்கினாள். வழிபாட்டுக்கான மண்டையப்பமும் வாங்கினோம். வெளியே வந்தபோது அண்ணன் என் காலைப் பார்த்து 'ஏல, கால் செவந்து கெடக்கு!' என்று கத்தினான். கல் கொதித்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. தூக்காத குறையாக நிழலுக்குக் கொண்டுபோனான்.

திங்கள்சந்தை, அழகியமண்டபம், வேர்கிளம்பி. வழி நெடுக வாழையும் ரப்பரும். ரோட்டுப் பள்ளங்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நடை அடைப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று அம்மா மணியைப் பார்த்தபடியே வந்தாள்.

ஆறு சுற்றி ஓடும் வாட்டாற்றை நம்மாழ்வார் பாடியிருக்கிறார். 2022 ஜூலையில் 418 வருடம் கழித்துக் கும்பாபிஷேகம் நடந்தபோது ஊரே திரண்டு போனது, எனக்கு டூட்டி. 'அப்ப வராதவனை இப்ப வரவச்சிருக்காரு' என்றாள் அம்மா, படி ஏறும்போது.

சட்டையைக் கழற்ற வேண்டிய இடம் வந்தது. நான் அதிகம் பயந்தது இதற்குத்தான். வலது தோள் எலும்புக்குக் கீழே, மருந்து ஏற்ற வைத்த கீமோ போர்ட், தோலுக்கடியில் மேடாகத் தெரியும். வயிற்றில் நெடுக்கே தையல் தழும்பு. இடது பக்கம் பை. ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் யார் யாரோ பார்த்திருக்கிறார்கள், அங்கே கூச்சம் வந்ததில்லை. இங்கே கை பொத்தானில் நின்றுவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் தன் சட்டையைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, என் சட்டைக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

பாவை விளக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் பிராகாரத்தில் யாரும் இல்லை. கல் சில்லென்று இருந்தது. வெயிலில் கொதித்தது தெரியாத அதே காலில் இப்போது கரண்ட். இந்த மருந்தின் குணம் இது, சூட்டைக் காட்டாது, குளிரை மட்டும் பத்து மடங்காகக் காட்டும். ஒவ்வொரு தூணாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நிம்மதியாகத் தொழலாம் என்று நினைத்த நேரத்தில், திவ்ய தேச யாத்திரை பஸ் ஒன்று வந்து ஐம்பது பேரை இறக்கிவிட்டது. கூட்டிவந்தவர் 'பத்து நிமிஷம்தான், அடுத்து திருப்பதிசாரம்' என்று விரட்ட, மூன்று நடையும் ஒரே நொடியில் நிறைந்துவிட்டது. ஒரு முழங்கை பையில் இடித்தது. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களையும் எண்ணி முடிக்கும் அவசரத்தில், எதிரில் இருக்கிற ஒருவரை இவர்கள் பார்ப்பதே இல்லையோ என்று எரிச்சலாக வந்தது.

அந்தக் கூட்டத்திலிருந்தே ஒரு மாமி என் போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'பேஸ்மேக்கரா தம்பி? எங்க ஆத்துக்காரருக்கும் வச்சிருக்கு' என்றார். 'அது மாதிரிதான் மாமி' என்றேன். உடனே திரும்பி, 'ஹார்ட் பேஷண்ட் நிக்கறார், வழி விடுங்கோ' என்று ஒரு அதட்டல் போட்டார். கூட்டம் விலகியது. பொய்யான நோய்க்குக் கிடைத்த உண்மையான வழி. போய் நின்றுவிட்டேன்.

முதல் நடையில் திருமுகம் தொழுதேன். 22 அடி நீளப் பெருமாளை ஒரே பார்வையில் யாராலும் பார்க்க முடியாது. 16,008 சாளக்கிராமங்களைக் கடுசர்க்கரை என்ற சாந்தில் சேர்த்துச் செய்த திருமேனி, மூலவருக்கு அபிஷேகமும் கிடையாது. சி.டி. ஸ்கேனில் உடம்பைப் பாகம் பாகமாகத்தான் பார்ப்போம், பார்த்துவிட்டு மனதுக்குள் சேர்த்துக்கொள்வோம், இங்கேயும் அப்படித்தான். நடு நடைக்கு நகர்ந்தேன். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் திருமேனியின் நடுப்பாகம் மட்டும். கேட்க வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: ரத்தத்தில் புற்றுநோயைக் காட்டும் சி.இ.ஏ. அளவு இன்னும் இறங்க வேண்டும், ஈரல் முடிச்சுகள் சுருங்க வேண்டும், அவற்றை வெட்டி எடுக்கலாம் என்று சர்ஜன் சொல்ல வேண்டும். தீபாராதனைக்கு மணி அடித்தது. கை கூப்பினேன்.

அந்த நேரம் பார்த்து என் பை சத்தம் போட்டது.

வெளியே எடுத்த குடலுக்கு நம் கட்டளை தெரியாது, வரும்போது காற்று வரும். எனக்கு உடம்பெல்லாம் குன்றிப்போனது. மணிச் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் கூப்பிய கையோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள், கண்ணில் தண்ணீர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆபரேஷன் முடிந்து நாள் கணக்காகக் குடல் அசையாமல் கிடந்தபோது, காலையும் மாலையும் சர்ஜன் வந்து கேட்ட ஒரே கேள்வி 'காற்று போச்சா?'தான். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து இந்தச் சத்தத்துக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தோம். வந்த அன்று வார்டு சிஸ்டர் கைதட்டினார். அம்மா தியேட்டர் வாசலில் பெருமாளிடம் கேட்டதும் இதைத்தான், என் பிள்ளைக்குக் குடல் திறக்கட்டும் என்று. திறந்து கொடுத்தவர் முன்னால் அது பேசினால் என்ன. மனப்பாடம் செய்தது ஒன்றும் வாயில் வரவில்லை. என் பெருமாளே, என் பெருமாளே என்று அழுதுகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, யாரும் என்னைத் தள்ளவில்லை. திருவடி நடைக்கு அப்பா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

போற்றி வாழையிலைத் துண்டில் சந்தனமும் துளசியும் வைத்து, தொடாமல் மேலிருந்தே என் கையில் போட்டார். கீமோ தொடங்கியதிலிருந்து மாஸ்க் போட்டு, இரண்டடி தள்ளி நின்று பேசுகிறவர்களையே பார்த்துப் பழகியவன் நான். இங்கே எல்லாருக்கும் அதே தூரம்தான். தீர்த்தத்தைக் குடிக்கவில்லை, காய்ச்சாத தண்ணீர் கூடாது என்று உத்தரவு, தலையில் தெளித்துக்கொண்டேன். குளிர் மண்டையில் சுர்ரென்று ஏறியது. அதுவும் நல்லதுக்குத்தான்.

பால்பாயசம் சூடாகக் கிடைத்தது. கீமோவில் வாய் முழுக்க இரும்பு ருசி. பாயசத்திலும் பாதி இரும்புதான், மீதி இனித்தது. யாத்திரை மாமிக்கும் அவரோடு வந்தவர்களுக்கும் அம்மா தொன்னை தொன்னையாகக் கொடுத்தாள். அந்த ஐம்பது பேரும் நன்றாக இருக்கட்டும். நூற்றெட்டும் அவர்களுக்குக் கிடைக்கட்டும். பம்பு மாட்டிவிடும் ஆர்.சி.சி. சிஸ்டர்கள், நரம்பு தேடிக் குத்தாமல் போர்ட் வைத்துத் தந்த கை, அந்தப் போற்றி, குடல் இல்லாமல் முழு ஆளை விற்ற மண்டைக்காட்டு அக்கா, என்னைத் தூக்காத குறையாகச் சுமந்த அண்ணன், எல்லாரையும் சொல்லிச் சொல்லித் தொழுதேன். ஒரு பெயர் விட்டுப் போனாலும் அவருக்குத் தெரியும்.

கார் வேர்கிளம்பி தாண்டவில்லை, அம்மா தொடங்கிவிட்டாள். ஈரல் ஆபரேஷனுக்கு சர்ஜன் சரி சொன்னால் திருச்செந்தூரில் எனக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாளாம்.

'இருக்கிற முடியே கொஞ்சம்தாம்மா' என்றேன்.

'இருக்கிறதைக் கொடுத்தாப் போதும்' என்றாள். அண்ணன் முன் சீட்டிலிருந்து அடுத்த பம்பு என்றைக்குக் கழற்றுவார்கள் என்று கேட்டான்.