கீசர் ஒழுகினால் முதலில் தண்ணீர் வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

கீசருக்கு அடியில் தரை ஈரமாகக் கிடப்பதைக் கண்டவுடன் "டேங்க் போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும்" என்று முடிவு கட்டிவிடுபவர்கள் உண்டு. "சொட்டுதானே" என்று ஒரு வாளியை வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுபவர்களும் உண்டு. முதல் வகையினர் ஒரு ரப்பர் வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய வேலைக்குப் புதிய கீசரின் விலையைக் கொடுக்கிறார்கள். இரண்டாம் வகையினர் சில நேரங்களில் உயிரையே பணயம் வைக்கிறார்கள். இருவருமே தண்ணீர் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. சொட்டு வரும் இடம் தெரிந்துவிட்டால், பயப்பட வேண்டுமா, பழுது பார்க்க வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

தேடத் தொடங்குவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. போர்டில் கீசருக்கென்று உள்ள எம்சிபியை (மின்சாரம் அளவு மீறினால் தானாகவே விழும் பாதுகாப்புச் சுவிட்சை) இறக்கிவிட வேண்டும். ஒயரிங் செய்தவர் தவறுதலாக ஃபேஸ் கம்பிக்குப் பதில் நியூட்ரல் கம்பியைச் சுவிட்சில் இணைத்திருந்தால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் கீசருக்குள் மின்சாரம் இருக்கும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். ஈரக் கையோடும் ஈரத் தரையில் நின்றுகொண்டும் இதைச் செய்யவே கூடாது. அடுத்து, கீசருக்குள் குளிர்ந்த நீர் போகும் வால்வை மூட வேண்டும். அதை மூடியவுடன் கசிவு நின்றுவிடாது. டேங்கில் இருக்கும் தண்ணீர் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம் இல்லாததால் வேகம் குறையும். அந்தத் தண்ணீர் பல மணி நேரம் சூடாகவே இருக்கும் என்பதையும், 60 டிகிரி வெந்நீர் பெரியவர்களின் தோலையே சில விநாடிகளில் வேகவைத்துவிடும் என்பதையும் மனத்தில் கொண்டு, குழந்தைகளை அப்பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேஸ் கீசராக இருந்தால் கேஸ் வால்வை மூட வேண்டும். கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும், கசிவைத் தேடும் வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் மதிக்கும் பிளம்பர் ஒருவர், ஒழுகும் கீசரைப் பார்க்க வந்தால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒரு பழைய துணியை எடுப்பார். குழாய்கள், நட்டுகள், அடிப்பகுதி என எல்லாவற்றையும் ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார். எந்தக் காகிதம் முதலில் நனைகிறதோ அதற்கு மேலேதான் கோளாறு. தண்ணீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே வழிந்து, தாழ்ந்த இடத்துக்கு வந்த பிறகுதான் சொட்டும். அதனால் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, மேலிருந்து கீழாகத் தேடுவதே முறை. டார்ச் அடித்துப் பார்த்தால் சில நட்டுகளின் அடியில் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருப்பது தெரியும். சொட்டாக விழும் அளவுக்கு இல்லாமல் கசிந்து அங்கேயே காய்ந்துபோன தண்ணீரின் தடம் அது. இன்றைக்கு ஈரம் இல்லாவிட்டாலும் அந்த இணைப்பைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது சேஃப்டி வால்விலிருந்து வரும் சொட்டு. தண்ணீர் சூடானால் விரிவடையும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1.4 சதவீதம் கூடுகிறது. 25 லிட்டர் டேங்கில் இது சுமார் 350 மில்லிலிட்டர். உள்ளே வரும் குழாயில் தண்ணீர் திரும்பிப் போகாதபடி தடுக்கும் வால்வு இருந்து, குழாய்களும் மூடியிருந்தால், அந்த உபரித் தண்ணீர் போக வேறு வழியே இல்லை. அழுத்தத்துக்கு உட்பட்டுத் தண்ணீர் சுருங்கிக்கொடுப்பதும் இல்லை என்பதால் டேங்கின் உள் அழுத்தம் மளமளவென்று ஏறுகிறது. அந்த நேரத்தில் சேஃப்டி வால்வு திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றுகிறது. ஆகவே, கீசர் சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டி, சூடேறி முடிந்ததும் நின்றுவிடும் சொட்டு பழுதல்ல. அந்த வால்வில் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைத் திறந்தபடி கீழ்நோக்கி வடிகாலுக்குக் கொண்டுபோய்விட்டால் போதும்.

சொட்டு தொந்தரவாக இருக்கிறது என்பதற்காகச் சேஃப்டி வால்வின் வாயை மூடி போட்டு அடைக்கும் வழக்கத்தை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும் தகும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்‌அவுட்டும் என்றாவது ஒரு நாள் செயலிழந்துவிட்டால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிய பிறகும் அழுத்தத்தின் காரணமாகக் கொதிக்காமல் சூடாகிக்கொண்டே போகும். டேங்க் விரிசல் விட்டு அந்த அழுத்தம் ஒரேயடியாக விடுபடும் கணத்தில், அத்தண்ணீரில் ஒரு பங்கு சட்டென்று ஆவியாக மாறும். ஆவியான தண்ணீர் முன்பு அடைத்துக்கொண்டிருந்த இடத்தைப்போல் 1,600 மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். கீசர் வெடிப்பது இப்படித்தான். அதைத் தடுக்கக் கடைசியாக நிற்பது அந்தச் சிறிய வால்வு ஒன்றுதான்.

சேஃப்டி வால்வு பகல் இரவு பாராமல், சூடேறாத நேரத்திலும் சொட்டிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். மணலோ உப்புத் துகளோ அதன் வாயில் சிக்கியிருக்கலாம். வால்வில் உள்ள சிறு நெம்புகோலைத் தூக்கிச் சில விநாடிகள் தண்ணீரை வெளியே விட்டால் பல நேரங்களில் அது சரியாகிவிடும். அப்போதும் நிற்காவிட்டால் வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது வீட்டுக்குள் வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகமாக இருக்கலாம். பம்ப் மூலம் அழுத்தம் ஏற்றும் வீடுகளில் இதை அவசியம் அளந்து பார்க்க வேண்டும். அழுத்தம் அதிகமென்றால் அதைக் குறைக்கும் வால்வைக் குழாயில் பொருத்த வேண்டுமே தவிர, மேலும் மேலும் புதிய சேஃப்டி வால்வுகளை மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. புதிய வால்வு வாங்கும்போது பழையதன் மேல் பொறித்திருக்கும் அழுத்த அளவையே கேட்டு வாங்க வேண்டும்.

கனெக்ஷன் பைப்புகளின் இணைப்பில் கசிந்தால் அது எளிய வேலை. வெந்நீர்ப் பக்கத்து ரப்பர் வாஷர் சூட்டில் இறுகிக் கல்லாகிவிடும்; அதை மாற்றி, மரைகளில் டெஃப்ளான் டேப்பைப் புதிதாகச் சுற்றி முடுக்கினால் போதும். பலம் கொண்ட மட்டும் முடுக்கினால் நட்டு விரிசல் விடும்.

கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியின் விளிம்பிலிருந்து தண்ணீர் வந்தால் கவனம் கூட வேண்டும். அந்த மூடிக்குள்தான் ஹீட்டிங் எலிமெண்ட்டைத் தாங்கும் தட்டும், தெர்மோஸ்டாட்டும், மின் இணைப்புகளும் இருக்கின்றன. தட்டுக்கும் டேங்குக்கும் இடையில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் நைந்துபோனால் தண்ணீர் நேராக மின் முனைகளின் மேல் இறங்கும். உப்பு அதிகமுள்ள தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகளில் எலிமெண்ட்டின் மேல் சுண்ணாம்புப் படிவு ஓடுபோல் கெட்டியாகப் படிந்து, சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் எலிமெண்ட்டின் உறையே வெந்து வெடிப்பு விடுவதும் உண்டு. அப்போது வெளியே ஒரு சொட்டும் தெரியாது, ஆனால் கீசரைப் போட்டவுடன், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழும். அது விழுவதைத் தொல்லையாக எண்ணி, அந்த ஆர்சிசிபியைத் தவிர்த்துவிட்டு நேராக இணைப்புக் கொடுக்கச் சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. இந்த மூடியைத் திறக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிட வேண்டும். கேஸ்கட்டோ எலிமெண்ட்டோ மாற்றினால் சரியாகிவிடக்கூடிய கோளாறுதான் இது, கீசரையே தூக்கிப்போட வேண்டியதில்லை.

எந்த இணைப்பிலும் ஈரம் இல்லாமல், வெளிக்கூட்டின் பொருத்துவாயிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்தால் உள் டேங்க் ஓட்டையாகிவிட்டது என்று கொள்ளலாம். டேங்கையும் வெளிக்கூட்டையும் பிரிப்பது தடித்த நுரைப்பஞ்சு. ஓட்டை மேலே இருந்தாலும் தண்ணீர் நுரைக்குள் அலைந்து திரிந்து எங்கோ கீழே வெளிப்படும். ஆகவே வெளிக்கூட்டின் மேல் எம்சீல் பூசுவதால் எதுவும் நிற்காது. உள்ளிருந்து அரித்து மெலிந்துபோன தகட்டில் வெல்டிங் வைத்தாலும் அதன் சூட்டில் பக்கத்துப் பூச்சும் உதிர்ந்து அடுத்த ஓட்டைக்கு வழிவகுக்கும். இங்கே மட்டும் புதியது வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த டேங்க் என்றால் அதில் வருந்தவும் ஒன்றும் இல்லை.

மூன்று நான்கு ஆண்டுகளிலேயே டேங்க் போய்விடுவதுதான் வருத்தத்துக்குரியது, ஏனெனில் அதைப் பெரும்பாலும் தடுத்திருக்க முடியும். இரும்புத் தகட்டு டேங்கின் உட்புறத்தில் 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி உருக்கிய கண்ணாடிப் பூச்சு இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குறைகள் இருக்கத்தான் செய்யும். அந்த இடங்களில் துரு பிடிக்காமல் காப்பதற்காகவே அனோடு ராடு எனப்படும் மக்னீசியத் தண்டு உள்ளே வைக்கப்படுகிறது. இரும்பைவிட மக்னீசியம் எளிதில் அரிபடக்கூடியது என்பதால் தண்ணீர் முதலில் அதைத் தின்கிறது, இரும்பை விட்டுவைக்கிறது. மக்னீசியம் தீர்ந்துவிட்டால் அடுத்து இரும்புதான். எங்கள் வீட்டுக் கீசரைச் சர்வீஸ் செய்தபோது அந்தத் தண்டை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன்: கட்டைவிரல் பருமனில் வழுவழுப்பாக இருந்திருக்க வேண்டியது, குண்டும் குழியுமாக இளைத்து, ஒரு முனையில் உள்ளே ஓடும் எஃகுக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கம்பி தெரிந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். புதிய தண்டின் விலை புதிய கீசரின் விலையில் மிகச் சிறிய பங்குதான். ஆனாலும் இப்படி ஒரு பொருள் உள்ளே இருக்கிறது என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையோ, தண்ணீர் நல்லதாக இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ கழற்றிப் பார்த்து, அப்படியே அடியில் தங்கிய வண்டலையும் வடித்துவிட்டால் டேங்கின் ஆயுள் வெகுவாகக் கூடும்.

பழுது எதுவாக இருந்தாலும், வேலை முடிந்ததும் எடுத்த எடுப்பில் எம்சிபியைப் போட்டுவிடக் கூடாது. உள்ளே வரும் வால்வைத் திறந்துவிட்டு, வெந்நீர்க் குழாயையும் திறந்துவைக்க வேண்டும். முதலில் காற்று சீறிக்கொண்டு வரும், பிறகு தண்ணீர் விட்டுவிட்டு வரும், அதன் பிறகுதான் சீராக ஓடும். அப்படிச் சீராக ஓடினால்தான் டேங்க் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் புதிய எலிமெண்ட்டும் சற்று நேரத்தில் எரிந்துபோகும். நிரம்பிய பிறகு இணைப்புகளை மறுபடியும் துடைத்துக் காகிதம் சுற்றிவிட்டு, ஒரு முறை முழுமையாகச் சூடேறும் வரையிலும், பிறகு ஆறும் வரையிலும் விட்டுப் பார்க்க வேண்டும். சில கசிவுகள் உலோகம் சூட்டில் விரியும்போது மட்டும் வெளிப்படும். வேறு சில, ஆறிச் சுருங்கிய பிறகுதான் தலைகாட்டும்.